'சிக்' என்னும் சொல்லின் உடல்நிலை

உடம்பு முடியவில்லை என்று சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல் 'சிக்'. லீவு லெட்டர் எழுதப் பழகும் பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் லண்டன்காரர் ஒருவர் நேற்றிரவு தாம் 'சிக்' ஆக இருந்ததாகச் சொன்னால், வாந்தி எடுத்திருக்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். சிகாகோவில் அதே வாக்கியம் காய்ச்சல், சளி, முதுகுவலி என எதுவாகவும் இருக்கலாம், வாந்தி கட்டாயமில்லை. ஸ்கேட்போர்டில் குட்டிக்கரணம் போட்டவனைப் பார்த்து நண்பன் அதே சொல்லைக் கத்தினால் அது பாராட்டு. சென்னை பேசின் பிரிட்ஜ் பணிமனையில் ஒரு ரயில் பெட்டியைப் பற்றிச் சொன்னால் சக்கரத்திலோ பிரேக்கிலோ பழுது. கம்பெனி வழக்குகள் நடத்தும் வக்கீல் சொன்னால், சேர்ந்த நஷ்டம் மூலதனத்தை விழுங்கிவிட்டது.

இத்தனை பொருள்களும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதற்குக் காரணம், அது எந்தக் குறிப்பிட்ட நோய்க்கும் பெயராக இருந்ததில்லை என்பதுதான். என்ன கோளாறு என்று 'சிக்' சொல்லாது. ஆள் வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகி நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லும். அகராதிகள் அதற்கு 'நோயுற்ற' என்று பொருள் எழுதினாலும், தமிழ்ப் பேச்சில் அதற்கு மிக நெருக்கமானது 'அவருக்கு முடியலை' என்பதே. எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்ற விவரம் அந்தப் பேச்சிலும் கிடையாது.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ஸேஓக்' என்பது போல ஒலித்த பழைய வடிவத்துக்கு ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதும் உறவுகள் உண்டு: டச்சு மொழியில் 'ஸீக்', ஜெர்மனில் 'ஸீஹ்', 4ஆம் நூற்றாண்டில் பைபிள் மொழிபெயர்க்கப்பட்ட காதிக் மொழியில் 'சியுக்ஸ்'. அந்தக் குடும்பத்துக்கு வெளியே இதன் மூலத்தை உறுதியாகக் காட்ட முடிவதில்லை. தமிழில் 'நோய்' என்றால் நோவு, அதாவது வலி, உள்ளே தெரிகிறது. 'பிணி' என்றால் பிணிப்பது, கட்டிப்போடுவது தெரிகிறது. 'சிக்' அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் எல்லா நோய்க்கும் பொதுவான சொல்லாக இது இருந்தது. பிறகு வெளியிலிருந்து இரண்டு சொற்கள் வந்து இதன் நிலத்தில் பங்கு கேட்டன. முதலாவது 'இல்'. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து வந்தது. கெட்ட, தீய என்பதே அதன் பழைய பொருள். ஏறத்தாழ 1200 முதல் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. உடல்நலக் குறைவு என்ற பொருள் அதற்கு ஒட்டிக்கொண்டது 15ஆம் நூற்றாண்டில்தான். கெட்ட எண்ணம், கெட்ட நேரம், மோசமாக நடத்துதல் ஆகியவற்றைக் குறிக்கும் தொடர்களில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தீமையைக் குறிக்கும் 'ஈவில்' என்ற சொல்லின் சுருக்கமே 'இல்' என்று பலர் நினைப்பதுண்டு. இரண்டுக்கும் பிறப்பில் தொடர்பில்லை.

இரண்டாவது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் வந்த 'டிசீஸ்'. 'ஈஸ்' என்றால் இதம், சௌகரியம். அது இல்லாமை 'டிசீஸ்'. தொடக்கத்தில் எல்லா அசௌகரியத்துக்கும் அது பொதுவாக இருந்தது. ஒருவரைத் தொந்தரவு செய்வதைக்கூட அந்தச் சொல்லை வினையாக்கிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். காசநோய், தொழுநோய் என்று பெயர் சூட்டி, காரணம் தேடி, வகை பிரிக்கத்தக்க பொருளாக அது மாறியது. இன்று ஒருவருக்கு 'டிசீஸ்' இருக்கலாம். ஆனால் ஒருவர் 'சிக்' ஆகத்தான் இருக்க முடியும். ஒன்று உடம்புக்குள் இருக்கும் பொருள், மற்றது ஆள் இருக்கும் நிலை.

புதுச்சொல் வந்து பழைய சொல்லை ஒதுக்குவது ஜெர்மனிலும் நடந்தது. அங்கே மெலிந்த, பலமற்ற என்று பொருள்பட்ட 'க்ராங்க்' பொதுச்சொல்லாகி, 'ஸீஹ்' நீண்டகாலம் படுக்கையில் கிடந்து தேய்வதை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இடைக்காலத்தில் ஊருக்கு வெளியே தொழுநோயாளிகளை வைத்திருந்த விடுதிகளின் ஜெர்மன் பெயரில் இந்தச் சொல்தான் இருந்தது. டச்சுக்காரர்கள் பழைய சொல்லை விடவில்லை. ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டது: அமெரிக்காவில் 'சிக்' பொதுச்சொல்லாகவே தொடர, பிரிட்டனில் அது வயிற்றுப் பக்கம் ஒதுங்கியது.

வயிற்றோடு வந்த இந்த உறவு புதிதன்று. குமட்டல் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இச்சொல் வழங்கியிருக்கிறது. கடல் பயணம் பெருகிய காலம் அது. கப்பலில் தலைசுற்றி வாந்தி எடுப்பதற்கு 'சீ சிக்' என்ற கூட்டுச்சொல் அதற்கு முன்பே இருந்தது. குமட்டலுக்கான மருத்துவச் சொல்லான 'நாசியா'வும் கடலிலிருந்து வந்ததே: கிரேக்கத்தில் 'நாவுஸ்' என்றால் கப்பல். கப்பலுக்குப் பிறகு கார், விமானம் என ஒவ்வொரு வாகனத்தின் பெயரும் 'சிக்' உடன் சேர்ந்தது. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு அசைவதாகச் சொல்கிறது, கண் அசையவில்லை என்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. மலைப்பாதைப் பேருந்தில் புத்தகம் படிக்க முயன்ற எவருக்கும் இது விளக்கத் தேவையில்லாத விஷயம்.

பிரிட்டனில் வாந்தி எடுப்பது மட்டுமல்ல, வாந்தியே 'சிக்' தான். தரையில் கிடப்பதைப் பெயர்ச்சொல்லாக அப்படிச் சொல்வார்கள். விமான இருக்கையின் முன்பையில் செருகியிருக்கும் காகிதப் பை 'சிக் பேக்'. ஆகவே உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்ல நினைக்கும் பிரிட்டிஷார் 'இல்' என்பார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோய்ப்படுக்கை, நோயாளி அறை, நோய் விடுப்பு, நோய்க்கால ஊதியம், நோயாளிகள் என்ற தொகுதி ஆகிய எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் 'சிக்' என்பதைத்தான் வைத்திருக்கிறது. அலுவலகத்துக்கு வராதவர் 'ஆஃப் சிக்'. அவர் வாந்தி எடுக்கிறார் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. பேச்சில் இடம் பறிகொடுத்த பழைய பொருள், நிறுவனங்களின் மொழியில் அப்படியே உறைந்துபோயிருக்கிறது.

இலக்கணமும் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்ற வாக்கியத்தின் முடிவில் 'இல்' இயல்பாக அமரும். ஆனால் நோயுற்ற குழந்தை என்று பெயருக்கு முன்னால் அடைமொழியாக வைக்கும்போது 'இல் சைல்ட்' என்பது காதுக்கு உறுத்தும். பிரிட்டிஷாரும் அங்கே 'சிக் சைல்ட்' என்றே சொல்வார்கள். முன்னால் ஓர் உரிச்சொல் வந்துவிட்டால் உறுத்தல் போய்விடும். கவலைக்கிடமான நோயாளி என்பதற்கு 'கிரிட்டிக்கலி இல் பேஷன்ட்' தாராளமாக வரும். அமெரிக்காவில் 'இல்' சற்றே கனமான, மரியாதையான சொல். ஜலதோஷத்துக்கு அதைப் பயன்படுத்தினால் மிகைப்படுத்துவது போலிருக்கும். மனநோய்க்கு மட்டும் இரு நாட்டிலும் 'இல்' தான். அங்கே 'சிக்' போட்டால் அது நோயைக் குறிக்காது, வசையாகிவிடும்.

நிறுவன மொழியில் 'சிக்' என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பிடிமானம் என்பதை அறியக் கப்பற்படையைப் பார்ப்பது உதவும். 1653 முதல் 1806 வரை பிரிட்டிஷ் கடற்படையின் மருத்துவப் பொறுப்பைக் கவனித்த வாரியத்துக்கு மக்கள் வழங்கிய சுருக்கப்பெயர், 'சிக் அண்ட் ஹர்ட் போர்டு'. நோயுற்றோர், காயம்பட்டோர் என்ற இரண்டே பிரிவு. ஒவ்வொரு கப்பலிலும் 'சிக் லிஸ்ட்' என்ற பட்டியல் இருக்கும். ஸ்கர்வியோ பேதியோ விஷக்காய்ச்சலோ, கேப்டனுக்கு அது இரண்டாம்பட்சம். பாய்மரம் ஏற எத்தனை கை மிச்சம் என்பதே அவருக்கு முக்கியம். அப்படிப்பட்ட பட்டியலிலிருந்துதான் 1747இல் 'சாலிஸ்பரி' கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட 12 பேரைத் தேர்ந்தெடுத்து, இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் எழுந்தார்கள். இருந்தும் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்க 1795 ஆனது. பட்டியலை ஒழுங்காக வைத்திருந்த நிறுவனத்துக்குக் காரணத்தை ஏற்க அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

காரணம் புரியாத இடத்தில் 'சிக்னஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொள்வது ஆங்கில மருத்துவ வரலாறு நெடுகக் காணக்கிடைக்கிறது. வலிப்பு வந்து விழுவது 'விழும் சிக்னஸ்'. இங்கிலாந்தை 1485இல் முதன்முறையாகத் தாக்கி, சில மணி நேர வியர்வையிலேயே ஆட்களைக் கொன்று, 1551க்குப் பிறகு அடையாளமின்றி மறைந்த கொள்ளைநோய் 'வியர்வை சிக்னஸ்'. அது என்ன நோய் என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. இளம்பெண்கள் வெளிறிப்போவது 'பச்சை சிக்னஸ்'. பார்வைக்குத் தெரிந்த அறிகுறி ஒன்றை எடுத்துச் சொல்லின் முன்னால் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். கர்ப்ப காலத்துக் குமட்டலுக்கு 'காலை சிக்னஸ்' என்ற பெயர் நிலைத்தது. அது காலையில் மட்டும்தான் வரும் என்பது எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ளாத கற்பனை. தமிழின் மசக்கை, நேரம் குறிப்பிட்டு மாட்டிக்கொள்ளவில்லை.

'பால் சிக்னஸ்' கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா, ஓஹையோ, இல்லினாய் பகுதிகளில் புதிதாகக் காடு திருத்திக் குடியேறியவர்களிடையே ஒரு நோய் பரவியது. மாடுகள் முதலில் நடுங்கும். பிறகு அவற்றின் பாலைக் குடித்தவர்களுக்கு வாந்தி, தளர்ச்சி, மயக்கம், பலருக்கு மரணம். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818 அக்டோபரில் இதில்தான் இறந்தார். மகனுக்கு அப்போது 9 வயது. திருத்தப்படாத காட்டு நிழலில் வளரும் வெள்ளைப்பூச் செடி ஒன்றை மாடுகள் மேய்ந்ததால் அதன் நஞ்சு பாலில் இறங்கியது என்பது பின்னால் தெரியவந்தது. காரணம் தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆப்பிரிக்காவின் 'தூக்க சிக்னஸ்' கதையும் இதேதான். 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் ஒட்டுண்ணியையும் அதைப் பரப்பும் செட்சி ஈயையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மருத்துவர்கள் நீளமான பெயர் ஒன்று வைத்தார்கள். மக்கள் வாயில் பழைய பெயரே நின்றது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிக்கிள் செல் என்ற ரத்தநோயின் பெயரில் ஒலிப்பது இந்த 'சிக்' அன்று. 'சிக்கிள்' என்றால் கதிர் அறுக்கும் அரிவாள். ரத்தச் சிவப்பணு அந்த வடிவத்தில் வளைந்துவிடுவதால் வந்த பெயர்.

'டிசீஸ்', 'இல்னஸ்', 'சிக்னஸ்' என்ற மூன்றையும் பேச்சில் மாற்றி மாற்றிப் போட்டாலும், கடந்த அரை நூற்றாண்டில் சமூகவியலாளரும் மருத்துவ மானுடவியலாளரும் அவற்றுக்குத் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் லியான் ஐசன்பர்க் 1977இல் எழுதிய கட்டுரையும், ஆர்தர் கிளைன்மன் அடுத்த பத்தாண்டில் எழுதிய நூல்களும் இந்தப் பிரிவினையைப் பரவலாக்கின. மருத்துவர் உடம்பில் கண்டுபிடிப்பது 'டிசீஸ்'. நோயாளி அனுபவிப்பது 'இல்னஸ்'. சுற்றியிருக்கும் சமூகம் ஒருவரை நோயாளி என்று ஏற்பது 'சிக்னஸ்'. ரத்தக் கொதிப்பு உள்ள பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கருவியைக் கையில் கட்டும்வரை அவர்களிடம் முதலாவது மட்டுமே உண்டு. எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வந்த பிறகும் வலியால் தூங்காதவரிடம் இரண்டாவது மட்டுமே உண்டு. அவரை வீட்டாரும் மேலதிகாரியும் நம்பவில்லை என்றால் மூன்றாவது அவருக்குக் கிடைக்காது.

இந்த மூன்றாவது வகைதான் வரலாற்றில் அதிக வினை செய்தது. அமெரிக்கத் தெற்கில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் 1851இல், அடிமைகள் எசமானரிடமிருந்து தப்பி ஓடுவதை ஒரு மனநோயாக அறிவித்து அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். தன்பால் ஈர்ப்பு நெடுங்காலம் நோய்ப் பட்டியலில் இருந்து, 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் எடுத்த முடிவால் வெளியே வந்தது. முந்தின நாள் நோயாளிகளாக இருந்தவர்கள் மறுநாள் அப்படி இல்லை; அவர்கள் உடம்பில் எதுவும் மாறவில்லை.

நோயாளியாக இருப்பது ஒரு பதவி போன்றது என்ற எண்ணத்தை முறைப்படுத்தியவர் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ். 1951இல் வெளியான நூலில் அவர் 'சிக் ரோல்' என்ற கருத்தை முன்வைத்தார். அந்தப் பதவிக்கு இரண்டு சலுகை, இரண்டு கடமை. வழக்கமான பொறுப்புகளிலிருந்து விலக்கு உண்டு. நோய்க்கு அவரையே குற்றம் சொல்லக்கூடாது. பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும். தகுந்த வைத்தியரிடம் போய் அவர் சொன்னபடி நடக்க வேண்டும். வாரக் காய்ச்சலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் இந்தச் சித்திரம் சர்க்கரை நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பொருந்தவில்லை என்று பின்வந்தவர்கள் விமர்சித்தார்கள். குணமே ஆகாத நோயோடு வேலைக்கும் போய்வருகிறவருக்கு இதில் இடமில்லை. விமர்சனம் நியாயமானது. ஆனாலும் விடுப்பு விதிகளை எழுதுகிறவர்கள் இன்றும் பார்சன்ஸின் கட்டத்துக்குள்தான் எழுதுகிறார்கள்.

இந்தியாவில் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. அதில் 'சிக்னஸ்' என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறை, கிருமி, உறுப்பு, அறிகுறி எதையும் தொடவில்லை. மருத்துவச் சிகிச்சை தேவைப்படுகிற, மருத்துவக் காரணத்தால் வேலைக்கு வராமல் இருக்க வேண்டிய நிலை என்று மட்டும் சொல்கிறது. அந்த நிலை சான்றளிக்கப்பட்டால் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். கப்பல் பட்டியலின் தர்க்கமேதான். காசு சேர்ந்திருப்பது மட்டும் புதிது. பிரிட்டனில் டாக்டர் கொடுத்துவந்த 'சிக் நோட்' 2010 ஏப்ரலில் 'ஃபிட் நோட்' ஆயிற்று. எந்த வேலை முடியாது என்பதோடு எந்த வேலை முடியும் என்பதையும் டாக்டர் குறிக்கலாம் என்பது ஏற்பாடு. முதல் 7 நாளுக்கு ஊழியரே தமக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம். காகிதத்தின் பெயர் மாறியும், மக்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

இதே சொல் மனிதனிலிருந்து இரும்புக்குத் தாவியதை இந்திய ரயில்வேயில் கண்ணாரப் பார்க்கலாம். யார்டுக்கு வந்த ரயிலைப் பரிசோதகர் கையில் சுத்தியலும் டார்ச்சும் வைத்துக்கொண்டு நடந்து பார்க்கிறார். சக்கர விளிம்பு தட்டையாகியிருக்கிறது, அச்சு சூடாகியிருக்கிறது, சுருள்வில் உடைந்திருக்கிறது; ஏதோ ஒன்று. அந்தப் பெட்டி 'சிக்' என்று குறிக்கப்படும். பக்கவாட்டில் அடையாளம் விழும். மற்றப் பெட்டிகளிலிருந்து அதைக் கழற்றி, 'சிக் லைன்' என்ற தனித் தண்டவாளத்துக்குத் தள்ளுவார்கள். அங்கே ஜாக்கி வைத்துத் தூக்கி, பழுது நீக்கி, 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தபின் பெட்டி மறுபடி ஓட்டத்துக்கு வரும். அந்தச் சுத்தியலைப் பிடித்தவருக்கே காய்ச்சல் வந்தால், அவர் மேற்பார்வையாளரிடம் 'சிக் மெமோ' வாங்கிக்கொண்டு ரயில்வே டாக்டரிடம் போக வேண்டும். வேலைக்குத் திரும்ப 'ஃபிட் சர்ட்டிபிகேட்' வேண்டும். பெட்டிக்கும் ஆளுக்கும் ஒரே இரண்டு சொல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் லாரிக்கு 'எஃப்.சி. காட்டுவது', அதாவது ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்குவது, என்று ஓட்டுநர்கள் சொல்வதும் இதே சோடியின் மறுபாதிதான்.

இரும்பிலிருந்து முதலீட்டுக்கும் அது தாவியது. 1968இல் தொடங்கிய தேசிய பஞ்சாலைக் கழகத்தின் வேலையே மூடிக்கிடந்த, மூடும் நிலையிலிருந்த ஆலைகளை நடத்துவது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் 103 ஆலைகளை அரசுடைமையாக்கியது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'சிக்' இருந்தது. கோவையில் பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில் ஆகியவை இப்படிக் கழகத்தின் கைக்கு வந்தவை. பிறகு 1985இல் நலிந்த தொழில் நிறுவனங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சேர்ந்த நஷ்டம் நிகர மதிப்பு முழுவதையும் எட்டினாலோ தாண்டினாலோ ஒரு கம்பெனி 'சிக்'. அதைப் பரிசோதிக்க 1987இல் ஒரு வாரியமும் அமைந்தது. வாரியத்தின் முன் வழக்கு இருக்கும்வரை கடன்காரர்கள் கம்பெனியைத் தொட முடியாது. பார்சன்ஸ் சொன்ன அதே சலுகை: பொறுப்பிலிருந்து விலக்கு, குற்றச்சாட்டிலிருந்து பாதுகாப்பு. குணமாக விரும்ப வேண்டும் என்ற கடமையைத்தான் பல முதலாளிகள் மறந்தார்கள். கடனிலிருந்து ஒளிய இந்தச் சட்டம் இடமாகிவிட்டது என்ற புகார் பல ஆண்டு நீடித்து, 2016 டிசம்பரில் சட்டம் கைவிடப்பட்டது. திவால் சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. தமிழ் இதழ்கள் இவற்றை 'நோயாளி ஆலை' என்று பெயர்க்கவில்லை, 'நலிந்த ஆலை' என்றன. நல்ல தேர்வு, கோளாறைச் சொல்லாமல் நிலையை மட்டும் சொல்லும் சொல் அது.

நாடுகளுக்கும் இந்தச் சொல் சூட்டப்பட்டிருக்கிறது. 1853 ஜனவரியில் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், பிரிட்டிஷ் தூதர் ஹாமில்டன் சீமோருடன் பேசும்போது உஸ்மானியப் பேரரசை நோயுற்ற மனிதன் என்று வருணித்தார். சாகப்போகிறவனின் சொத்தை யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் உள்கருத்து. 'ஐரோப்பாவின்' என்ற சொல் பின்னால் சேர்ந்தது. அதன்பின் பட்டம் பல தலைகளுக்கு மாறியது. 1970களில் பிரிட்டனுக்கே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவுக்கு வழங்கிய 'கிழக்காசியாவின் நோயாளி' என்ற பெயர் அங்கே ஆறாத புண்ணாயிற்று. 1972இல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்தில் அந்த வாசகம் எழுதிய பலகையைப் புரூஸ் லீ ஜப்பானியப் பயிற்சிக்கூடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் உடைக்கிறார். 2020 பிப்ரவரியில் அமெரிக்க நாளிதழ் ஒன்று இதே தொடரைத் தலைப்பில் வைக்க, அதன் நிருபர்கள் மூவரின் அனுமதியைச் சீன அரசு ரத்து செய்தது. கொரோனா பரவிக்கொண்டிருந்த மாதம் அது.

உடம்பிலிருந்து மனத்துக்குச் சென்ற பாதை இதைவிடப் பழையது. காதலால் வாடுவது, ஊர் நினைப்பில் வாடுவது, ஒன்று அலுத்துப்போவது எல்லாவற்றுக்கும் 'சிக்' உண்டு. ஊர் ஏக்கத்தை உண்மையான நோயாகவே மருத்துவம் எடுத்துக்கொண்ட காலமும் இருந்தது. 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில், சொந்த ஊரை விட்டுப் பிரிந்த சுவிஸ்காரர்களுக்கு வரும் நோய்க்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டினார். அதே எண்ணத்தை ஆங்கிலம் 18ஆம் நூற்றாண்டில் 'ஹோம்சிக்' என்று எடுத்துக்கொண்டது. 'நாஸ்டால்ஜியா' பிற்பாடு மருத்துவமனையை விட்டு வெளியேறி, பழைய சினிமாப் பாட்டு கேட்பவர்களின் சொல்லாகிவிட்டது. அலுப்பைக் குறிக்கும் பயன்பாட்டில் மட்டும் வயிறு இன்னும் எட்டிப் பார்க்கிறது. தமிழில் ஒன்றைக் கேட்டுக் கேட்டுக் 'குமட்டுது' என்பவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள்.

மனம் கோணலானவர் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் இருந்து, பின் அடங்கி, 1950களில் அமெரிக்காவில் மீண்டும் எழுந்தது. விபத்து, ஊனம், சாவு ஆகியவற்றை வைத்துச் சிரிக்கும் துணுக்குகளுக்கு 'சிக் ஜோக்' என்று பெயர். கேலிச்சித்திரக்காரர் ஜூல்ஸ் ஃபைஃபர் தம் வாராந்தரத் தொடருக்கு இந்தச் சொல்லையே மூன்று முறை அடுக்கித் தலைப்பாக்கினார். மேடை நகைச்சுவையாளர் லென்னி புரூஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டின் தலைப்பிலும் அது ஏறியது. திட்டுவதற்கு வீசிய சொல்லைத் திட்டு வாங்கியவர்களே விளம்பரப் பலகையாக்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்து பாராட்டுக்குப் போக ஒரு தலைமுறைதான் ஆயிற்று. 1980களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், ஸ்கேட்போர்டு, சர்ஃபிங் இளைஞர்கள் வாயில் 'சிக்' என்றால் நம்ப முடியாத அளவுக்கு நன்றாயிருக்கிறது என்று ஆனது. 'இல்' என்பதும் ஹிப்ஹாப் பாடகர்களிடம் அதே திசையில் போயிற்று. மூத்தவர்கள் இதை மொழிச் சீரழிவு என்பார்கள். ஆனால் மிகையைச் சொல்ல அச்சத்தையும் கேட்டையும் கடன் வாங்குவது எங்கும் நடப்பது. சமையல் 'பயங்கரமா இருக்கு' என்று தமிழில் சொன்னால் சமைத்தவர் கோபித்துக்கொள்வதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பொருள் மயக்கம் தீராத தொல்லை. அதற்கு ஈடாக எடுக்கும் தமிழ்ச் சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். யாழ்ப்பாணத்தில் 'அவருக்கு வருத்தம்' என்றால் உடம்புக்கு நோய். மதுரையில் அதே வாக்கியம் மனத்தாங்கல். ஆயினும் தமிழ்ப் பேச்சு ஆங்கிலச் சொல்லையே எடுத்து உருமாற்றி வைத்திருக்கிறது. 'சீக்கு' என்பது 'சிக்' என்பதன் தமிழ் வடிவம் என்றே பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஈற்றில் உகரம் சேர்வது ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் நேரும் வழக்கமான கதி. முதலெழுத்து நெடிலாக நிற்பதால், தலைமுடியில் விழும் சிக்கோடு இது குழம்பவில்லை. கடனாளி, நோயாளி போலச் சீக்காளியும் பிறந்துவிட்டான். ஆங்கிலத்துக்கே அப்படி ஒரு சொல் கிடையாது.

கிராமத்தில் 'சீக்கு' அதிகம் விழுவது கோழிகள் மேல். வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழி தீனியைத் தொடாமல், இறக்கையைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடியபடி கூரையோரம் ஒதுங்கி நிற்கும். பரிசோதிக்க யாரும் வருவதில்லை, என்ன கிருமி என்றும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்த்துச் 'சீக்கு' என்று சொல்லி, மற்றக் கோழிகளிலிருந்து பிரித்து அதைத் தனியே ஒரு கூடை போட்டுக் கவிழ்த்துவிடுவார்.